தோட்டமும் ஆடு கோழியும் உள்ள வீடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் நான்கு பேர். வீட்டிலிருந்து நடக்கும் தூரத்தில் குத்தகைக்கு எடுத்த ஒரு துண்டு நிலம், வீட்டுக்குப் பின்னால் கோழிக்கூடு, அதை ஒட்டி இரண்டு ஆடுகளுக்கு ஒரு கொட்டகை. நாட்டுப்புறத்துக்குக் குடிவந்து எட்டு வருடம் ஆகிறது. வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் சுற்றிச் சுற்றி ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாசலில் நின்று பதில் சொல்வதைவிட எழுதிவைப்பது சுலபம் என்று தோன்றியது.

எவ்வளவு நிலம் இருந்தால் போதும்?

நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. வீட்டைவிட்டுத் தள்ளி ஒரு துண்டு நிலத்தை வருட வாடகைக்கு எடுத்துக் காய்கறி போடும் வழக்கம் இங்கிலாந்தில் மிகப் பழையது. அங்கே ஒரு முழுத் துண்டு என்றால் ஏறக்குறைய 250 சதுர மீட்டர். நன்றாகப் பராமரித்தால் ஒரு சிறு குடும்பத்தின் காய்கறித் தேவையில் பெரும்பகுதியை அதிலேயே எடுத்துவிடலாம்.

ஆனால் முதல் வருடமே அத்தனையிலும் கை வைக்காதீர்கள். நாங்கள் வைத்தோம். மொத்த நிலத்தையும் கொத்திப் புரட்டி விதைத்தோம். மூன்றாம் மாதம் பாத்தி எது, வரப்பு எது என்று தெரியவில்லை; களை முழங்கால் உயரத்துக்கு நின்றது. மண்ணைப் புரட்டும்போது அடியில் தூங்கிக்கொண்டிருந்த களை விதைகளையும் சேர்த்தே மேலே கொண்டுவந்துவிடுகிறோம் என்பது அப்போது தெரியாது. மூன்றில் ஒரு பங்கில் மட்டும் பயிர் வையுங்கள். மீதியில் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து விரித்து, மேலே சருகோ வைக்கோலோ கனமாகப் போட்டு மூடிவிடுங்கள். வெளிச்சம் இல்லாமல் களை சோர்ந்துபோகும், அட்டையை மண்புழு பார்த்துக்கொள்ளும்.

நிலத்தின் அளவைவிட இரண்டு விஷயங்கள் முக்கியம். ஒன்று, தண்ணீர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது. இன்னொன்று, நிலம் உங்கள் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம். பத்து நிமிட நடை என்றால் தினமும் போவீர்கள். வண்டி எடுத்துப் போக வேண்டிய தூரம் என்றால் வாரம் ஒருமுறைதான் போவீர்கள், அதுவும் குற்ற உணர்ச்சியோடு.

முதலில் தோட்டமா, விலங்குகளா?

தோட்டம். ஒரு முழு வருடம் தோட்டம் மட்டும். செடி ஒருநாள் காத்திருக்கும், ஆடு காத்திருக்காது. உங்கள் வீட்டில் யார் சொல்லாமலே எழுந்து வேலைக்குப் போகிறார், யார் பத்து தடவை கூப்பிட்டால்தான் வருகிறார் என்பதெல்லாம் அந்த ஒரு வருடத்தில் தெரிந்துவிடும். அது தெரிந்த பிறகு கோழி வாங்கினால் சண்டை குறையும்.

எந்த விலங்கில் தொடங்கலாம்?

கோழி. ஒன்று வாங்காதீர்கள், கூட்டமாக வாழும் பறவை அது, குறைந்தது மூன்று. முட்டையிடும் பருவத்தை நெருங்கிய பெட்டைகளாக, சுமார் 18 வார வயதில் வாங்கினால் சில வாரங்களில் முட்டை பார்க்கலாம்.

குஞ்சாக வாங்கி வளர்ப்பதும், அடை வைத்துப் பொரிக்க விடுவதும் பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். 21 நாளில் ஓட்டைக் கொத்திக்கொண்டு குஞ்சு வெளியே வருவதைப் பிள்ளைகள் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்கள். ஆனால் பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும். அந்தச் சேவல்களை என்ன செய்யப்போகிறீர்கள் என்று முட்டையை அடியில் வைப்பதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஐந்து மாதம் கழித்து, நான்கு சேவல்கள் ஒன்றையொன்று கொத்திக் கொண்டை கிழிந்து நிற்கும்போது எடுக்கும் முடிவு நல்ல முடிவாக இருப்பதில்லை.

சேவல் இல்லாமல் கோழி முட்டையிடுமா?

இடும். அந்த முட்டை பொரிக்காது, அவ்வளவுதான்.

குத்தகை நிலத்திலேயே கோழியை வைத்துக்கொள்ளலாமா?

முதலில் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஊருக்கு ஊர் விதி மாறும். இங்கிலாந்தில் 1950இல் வந்த சட்டம் இப்படிப்பட்ட நிலங்களில் சொந்த உபயோகத்துக்குப் பெட்டைக்கோழியும் முயலும் வைத்துக்கொள்ள இடம் தருகிறது, சேவலுக்கு இடமில்லை. அண்டை நிலத்துக்காரர்களின் தூக்கத்தை நினைத்துப் பார்த்தால் அது நியாயமாகத்தான் படுகிறது.

அனுமதி இருந்தாலும் என் யோசனை, கோழியை வீட்டோடு வையுங்கள். கூட்டைக் காலையில் திறக்க வேண்டும், இருட்டுவதற்குள் மூட வேண்டும். வருடத்துக்கு 365 நாள், நாளுக்கு இரண்டு முறை. நாட்டுப்புற வாழ்க்கை என்று எங்கள் வீட்டில் நடப்பதெல்லாம் கடைசியில் இந்த ஒரு கதவைச் சுற்றித்தான்.

நரி, கீரி வகையறாக்களிடமிருந்து எப்படிக் காப்பது?

அந்தக் கதவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். ஒருநாள் மாலை நல்ல மழை. என் கணவர் மூடியிருப்பார் என்று நான் நினைத்தேன். நான் மூடியிருப்பேன் என்று அவர் நினைத்தார். மகள் எங்கள் இருவரில் யாரோ ஒருவர் மூடியிருப்போம் என்று நினைத்தாள். காலையில் ஏழு கோழிகளில் இரண்டுதான் உயிரோடு இருந்தன. ஒன்று கொட்டகை விட்டத்தின்மேல், இன்னொன்று முட்டைப்பெட்டிக்குப் பின்னால் ஒடுங்கி. நான்கு அங்கேயே கிடந்தன. நரி தூக்கிப்போனது ஒன்றே ஒன்றுதான். சிறகடித்துத் தப்ப முடியாத கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் அது பசிக்கு மட்டும் கொல்வதில்லை. படபடப்பு நிற்கும்வரை கொல்லும்.

அதற்குப் பிறகு ஒரு ஏற்பாடு செய்தோம். கூட்டுக் கதவில் ஒரு சிவப்புத் துணிக் கிளிப் தொங்கும். மூடுகிறவர் உள்ளே தலையை விட்டு எண்ணி, தாழ் போட்டு, அந்தக் கிளிப்பைக் கழற்றி வந்து சமையலறை ஆணியில் மாட்ட வேண்டும். ஆணியில் கிளிப் இல்லையென்றால் கூடு திறந்திருக்கிறது. "மூடியாச்சா?" என்று யாரும் யாரையும் கேட்க வேண்டாம். அதன்பின் மூடாமல் தூங்கிய இரவே கிடையாது.

கம்பி வலை விஷயத்திலும் பலர் ஏமாறுகிறார்கள். அறுகோணக் கண் போட்ட மெல்லிய கோழிவலை, கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான். உள்ளே வர நினைப்பவற்றைத் தடுக்காது. நாய் கூட அதைப் பல்லால் கிழித்துவிடும். பற்றவைத்த கெட்டிக் கம்பி வலையாக, விரல் நுழையாத கண் அளவில் வாங்குங்கள். வலையின் அடிப்பாகத்தை வெளிப்பக்கமாக ஒரு அடி மடித்து மண்ணில் பரப்பிக் கல் வைத்துவிட்டால், தோண்டிக்கொண்டு வர நினைப்பது அந்த வலையின்மேலேயே நின்று தோண்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். தீவனத்தை மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். எலி வருவது கோழிக்காக அல்ல, சிந்தும் தீவனத்துக்காக.

நன்றாக இட்டுக்கொண்டிருந்த கோழி திடீரென்று நிறுத்திவிட்டது. ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பெரும்பாலும் நோய் இல்லை.

முதலில் பகல் நீளத்தைப் பாருங்கள். கோழியின் உடம்பு வெளிச்சத்தைக் கணக்கு வைத்துத்தான் முட்டையிடுகிறது; நன்றாக இட நாளுக்குச் சுமார் 14 மணிநேர வெளிச்சம் வேண்டும். பகல் சுருங்கும் மாதங்களில் முட்டையும் சுருங்கும். விளக்கு போட்டு இட வைக்கலாம்தான். நாங்கள் போடுவதில்லை, அதுவும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

அடுத்து இறகு உதிரும் காலம். வருடத்துக்கு ஒருமுறை பழைய இறகை உதிர்த்துப் புதியது முளைக்கும். இறகில் பெரும்பங்கு புரதம் என்பதால் உடம்பில் இருக்கும் புரதமெல்லாம் அங்கே போய்விடும், முட்டைக்கு மிஞ்சாது. கூட்டைத் திறந்தால் தலையணையைக் கிழித்துக் கொட்டியது போலிருக்கும். பயப்படாதீர்கள். ஒன்றிரண்டு மாதம் புரதம் கூடிய தீவனம் கொடுங்கள், போதும்.

ஒரு முட்டை உருவாக ஒரு நாளுக்குச் சற்று மேலேயே, 24 முதல் 26 மணிநேரம் ஆகும். அதனால் இடும் நேரம் தினம் கொஞ்சம் தள்ளிக்கொண்டே போய், ஒருநாள் விட்டுப்போகும். இது இயல்பு. ஓடு மெலிந்து கை பட்டதும் உடைந்தால் சுண்ணாம்புச் சத்து போதவில்லை என்று அர்த்தம். முட்டை ஓடுகளைக் காயவைத்து நன்றாகப் பொடித்துத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். பொடிக்காமல் அப்படியே போட்டால் முட்டை தின்னும் பழக்கம் வந்துவிடும், அப்புறம் அதை நிறுத்துவது பெரும்பாடு.

இவை எதுவுமே இல்லையென்றால் ஒளித்து வைக்கிறது. எங்கள் கறுப்புப் பெட்டை மூன்று வாரம் ஒரு முட்டைகூடத் தரவில்லை. மகன் பந்து தேடப் போய், விறகு அடுக்குக்குப் பின்னால் 19 முட்டைகளைக் கண்டுபிடித்தான். வட்டமாக, ஒன்றோடொன்று ஒட்டி அடுக்கியிருந்தது. எதை எப்போது இட்டது என்று யாருக்குத் தெரியும்? ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தோம். நாளாக நாளாக உள்ளிருக்கும் ஈரம் ஓட்டின் வழியாக வெளியேறிக் காற்றறை பெரிதாகும். அதனால் புதியது அடியில் படுத்துக்கிடக்கும், பழையது நிமிர்ந்து நிற்கும், மிகப் பழையது மிதக்கும். மிதந்தவற்றை உடைக்காமல் ஆழமாகப் புதைத்தோம். ஒன்றை மட்டும் மகன் உடைத்துப் பார்த்தான். அன்று அவன் சாப்பிடவில்லை.

எருவை நேராகப் பாத்தியில் போடலாமா?

கோழி எருவைக் கூடவே கூடாது. நைட்ரஜன் மிகுந்தது, வேரைக் கருக்கிவிடும். ஆட்டுப்புழுக்கை அந்த அளவுக்குச் சூடு இல்லை. ஆனாலும் பச்சையாகப் போட்டால் கிருமி இருக்கலாம், ஆடு தின்ற களை விதைகளும் அப்படியே முளைக்கும். மக்க வைத்துப் போடுவதுதான் சரி.

குவியல் போடும்போது பச்சையும் காய்ந்ததும் கலந்திருக்க வேண்டும். எருவும் புல்லும் காய்கறிக் கழிவும் நைட்ரஜன் பக்கம். சருகு, வைக்கோல், அட்டை கார்பன் பக்கம். நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு என்பது புத்தகக் கணக்கு. கைக்கணக்கில் சொன்னால், ஒரு கூடை எருவுக்கு இரண்டு மூன்று கூடை காய்ந்தது. நாற்றமடித்தால் சருகு சேருங்கள், சூடே ஏறவில்லை என்றால் எருவும் கொஞ்சம் தண்ணீரும் சேருங்கள். பிழிந்த துணி அளவுக்கு ஈரம் போதும். சரியாக அமைந்தால் உள்ளே 55 டிகிரிக்கு மேல் ஏறும், அந்தச் சூடு சில நாள் நின்றால் களை விதையும் பெரும்பாலான கிருமிகளும் அழியும். நடுவில் ஒரு இரும்புக் கம்பியைச் செருகி, சற்று நேரம் கழித்து உருவித் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாமல் சுட்டால் நன்றாக வேலை நடக்கிறது.

தவிர்க்க முடியாமல் பச்சை எருவையே போட்டால், கீரை, முள்ளங்கி மாதிரி மண்ணைத் தொட்டு விளைவதை அறுப்பதற்கு 120 நாள் முன்னதாகப் போட்டு முடித்துவிடுங்கள்.

வெளியிலிருந்து வாங்கும் எருவிலும் வைக்கோலிலும் இன்னொரு ஆபத்து உண்டு. மேய்ச்சல் நிலத்தில் அடிக்கும் சில களைக்கொல்லிகள், முக்கியமாக அமினோபைராலிட், குளோபைராலிட் இரண்டும், மாட்டின் வயிற்றையும் தாண்டி, மக்கிய எருவிலும் மிச்சமிருக்கும். அந்த எருவைப் போட்டால் தக்காளியும் அவரையும் இலை சுருண்டு, கிண்ணம்போல் குவிந்து, குட்டையாக நின்றுவிடும். சோதிப்பது எளிது. ஒரு தொட்டியில் அந்த எரு கலந்த மண், இன்னொன்றில் வெறும் மண், இரண்டிலும் அவரை விதை. மூன்று வாரத்தில் விடை தெரிந்துவிடும். வாங்கிய வண்டி எருவைச் சோதிக்காமல் கொட்டி ஒரு வருடத் தக்காளியை இழந்த வீடு இது.

கோழியைத் தோட்டத்துக்குள் விட்டால் பூச்சி தின்னுமே?

பூச்சியைத் தின்னும். நாற்றையும் தின்னும். இரண்டு மணிநேரத்தில் ஒரு பாத்தியைக் கிளறிப் பள்ளமாக்கி அதில் மண்குளியலும் போடும். அறுவடை முடிந்த பாத்தியில் வேலி கட்டி விடுங்கள். மற்ற நேரத்தில் வேண்டாம்.

ஆடு வளர்ப்பது கஷ்டமா?

ஆட்டை வளர்ப்பது கஷ்டமில்லை, வேலிதான் கஷ்டம். தண்ணீர் ஊற்றிப் பார்த்து ஒழுகாத வேலியில் மட்டும் ஆடு நிற்கும் என்று சொல்வார்கள், ஏறக்குறைய உண்மை. ஒற்றை ஆடு ஓயாமல் கத்தும், அதனால் இரண்டாக வாங்குங்கள்.

பால் வேண்டும் என்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: குட்டி போட்டால்தான் பால். சினைக்காலம் ஏறக்குறைய 150 நாள். பெரும்பாலும் இரட்டைக்குட்டி, அதிலும் பாதி கிடா. சேவல் கேள்வியே இங்கேயும் வந்து நிற்கும். பிறந்த குட்டி முதல் சில மணிநேரத்துக்குள் சீம்பால் குடித்தாக வேண்டும், நோய் எதிர்ப்பு சக்தி அதில்தான் அதற்குக் கிடைக்கிறது. அப்புறம் தினமும் இரண்டு வேளை கறவை. காய்ச்சல் அடித்தாலும், கல்யாண வீட்டுக்குப் போக வேண்டியிருந்தாலும்.

ஆடு எதையும் தின்னும் என்று நம்பி வேலியோரம் அரளி வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் இலையே கொல்லும். தானியத்தைத் திருடித் தின்றாலும் ஆபத்துதான், வயிறு புளித்து உப்பிவிடும். இடது விலாப்பக்கம் மத்தளம்போல் வீங்கி, ஆடு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றால் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உடனே கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மென்மையான தரையில் வளரும் ஆட்டுக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்ட வேண்டும். முதல் தடவை தெரிந்தவர் ஒருவர் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

முடிவு கண்ணில் தெரிகிற வேலை. ஐந்து வயதுக்கு முட்டை எடுப்பது, எட்டு வயதுக்குத் தண்ணீர்த் தொட்டி கழுவுவது, பன்னிரண்டில் கூட்டைச் சுத்தம் செய்வது. களை பறிப்பதைத் தண்டனையாகக் கொடுக்காதீர்கள். நான் கொடுத்திருக்கிறேன், மகன் இன்றுவரை அந்தப் பாத்திப் பக்கம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போகிறான். மகளுக்கு ஐந்து வயதில் பூசணி நட ஒரு மூலையைக் கொடுத்தோம். தினமும் காலையில் பள்ளிச் சீருடையோடு ஓடிப்போய் ஒரு காயை விரலால் சுற்றி அளந்துவிட்டு வருவாள். விரல் எட்டாமல் போனதும் நூல் எடுத்துப் போனாள்.

ஒன்று மட்டும் கண்டிப்பு. விலங்கின் உயிர் ஒரு பிள்ளையின் ஞாபகத்தை நம்பி இருக்கக் கூடாது. வேலை அவர்களுடையது, சரிபார்ப்பது பெரியவர்களுடையது.

நோய் தொற்றாதா?

கவனமில்லாமல் இருந்தால் தொற்றும். பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் கோழியிடமிருந்தும் சால்மொனெல்லா என்ற வயிற்றுப்போக்குக் கிருமி வரலாம். கொட்டகையிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, கோழிக்குஞ்சை முத்தமிடாமல் இருப்பது, கொட்டகைச் செருப்பை வீட்டுக்குள் கொண்டுவராமல் இருப்பது, பாலைக் காய்ச்சாமல் குடிக்காமல் இருப்பது, இந்த நான்கும் போதும் பெரும்பாலானவற்றுக்கு. மண்ணிலும் சாணத்திலும் டெட்டனஸ் கிருமி இருக்கும் என்பதால் வீட்டில் எல்லோருக்கும் தடுப்பூசி நாள் தவறாமல் இருக்கட்டும். நாய் கடித்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக மருத்துவமனைக்கு. கர்ப்பிணிகள் ஆடு குட்டி போடும் இடத்துக்குப் போக வேண்டாம், பூனை மலத்தையும் தொட வேண்டாம்.

பெயர் வைத்து வளர்த்ததை அறுக்க மனம் வருமா?

எங்கள் வீட்டில் இதற்கு ஒரே பதில் இல்லை. அவர் சாப்பிடுவார், மகள் சாப்பிட மாட்டாள், நான் எந்தக் கோழி என்று தெரியாவிட்டால் சாப்பிடுவேன். பிள்ளைகளிடம் பொய் சொல்லாதீர்கள் என்பது மட்டும் என் கருத்து. "வேற வீட்டுக்குக் கொடுத்துட்டோம்" என்று ஒருமுறை சொல்லி மாட்டிக்கொண்டேன். அடுத்த ஒரு வருடம் நான் எதைச் சொன்னாலும் "நிஜமாவா அம்மா?" என்று மகள் கேட்டாள்.

பணம் மிச்சமாகுமா?

ஆகாது. கீரையில் ஆகும், முட்டையில் ஆகாது. தீவனம், வலை, மருத்துவர் என்று சேர்த்துப் பார்த்தால் அந்த முட்டைக்குத் தங்க முலாம் பூசியிருக்கலாம்.

எல்லாரும் சேர்ந்து வெளியூர் போக முடியுமா?

முடியும், ஆனால் முன்னேற்பாடு வேண்டும். இதேபோல விலங்கு வைத்திருக்கும் இன்னொரு குடும்பத்தோடு முறை வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அவர்களுடையதைப் பார்க்க, அவர்கள் உங்களுடையதைப் பார்ப்பார்கள். போவதற்கு முன் ஒரு மாலை அவர்களையே எல்லாம் செய்ய வைத்து நீங்கள் சும்மா நின்று பாருங்கள். நீங்கள் யோசிக்காமல் செய்யும் பத்து விஷயங்களை அவர்களிடம் சொல்லவே இல்லை என்பது அப்போதுதான் தெரியும். எங்கள் வீட்டைப் பார்த்துக்கொள்பவர் தினமும் மாலை ஆணியில் தொங்கும் சிவப்புக் கிளிப்பைப் படமெடுத்து அனுப்புவார். வேறு எந்தச் செய்தியும் தேவையில்லை.

சரிப்பட்டு வரவில்லை என்றால்?

முதலில் ஆடுகளைக் கொடுங்கள், இரண்டையும் ஒரே இடத்துக்கு, சினைப்படுத்துவதற்கு முன்பே. நிலத்தை அறுவடை முடிந்து, அடுத்தவர் விதைக்கும் காலத்துக்கு முன்னால் திருப்பிக் கொடுத்தால் அவருக்கு உதவியாக இருக்கும். கோழிகளைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம். கூட்டை யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் மரப் பிளவுகளில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, காயவைத்துக் கொடுங்கள். பகலில் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளு, கோழியே இல்லாத கூட்டிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.